செல்வி ஆத்துப் பொண்ணு

எங்கள் குடும்பத்தில் இழுப்பு பரம்பரைச் சொத்து. பெரியப்பாவுக்கு இருந்தது, அத்தைக்கு இருந்தது. ஆகவே எனக்கும் இருந்தாக வேண்டும் என்று நான் பிறந்தபோதே முடிவாகிவிட்டது. எந்த டாக்டரும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் அபிராமபுரத்தில் எங்கள் வீட்டு மாடிப்படியில் நான் கால் வைத்தாலே அம்மாவின் குரல் கேட்கும்: "ஓடிண்டு ஏறாதேடி, மூச்சு வாங்கும்." உடனே எனக்கு மூச்சு வாங்கும். பள்ளியில் மற்ற பெண்கள் ஓடிப்பிடித்து விளையாடும்போது நான் மரத்தடியில் அவர்கள் செருப்புகளுக்குக் காவல் இருப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மழை ஏமாற்றிய ஒரு வருஷம். நான் ஐந்தாம் வகுப்பு. ஒருநாள் திடீரென்று மதியத்தோடு பள்ளியை விட்டுவிட்டார்கள். என்னை அழைத்துப்போகும் ரிக்‌ஷா சாயங்காலம்தான் வரும். பக்கத்தில் உட்காரும் செல்வி, "எங்க வூட்டுக்கு வாயேன், கிட்டதான் கீது" என்றாள். அடையாற்றங்கரைக் குடிசைகளில் ஒன்று அவளுடையது. அவள் அம்மா வீட்டு வேலைக்குப் போயிருந்தார்.

செல்வி எனக்கு முறுக்கு உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது வெளியே ஹாரன் கேட்டது. அவள் முகமே மாறிவிட்டது.

"தண்ணி லாரி. நேத்து வர்ல. வூட்ல ஒரு சொட்டு இல்ல." ஒரு பிளாஸ்டிக் குடத்தை என் கையில் திணித்தாள். "நீ முன்னால ஓடி எடம் புடி. நா அண்டாவ தூக்கினு வரேன்."

எனக்கு இழுப்பு உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அண்டாவைத் தேடிப் போய்விட்டாள். ஓடினேன்.

லாரி நிற்காமல் தெருக்கோடிவரை போயிற்று. அதன் பின்னால் பெண்கள், பிள்ளைகள், இடுப்பில் கைக்குழந்தையோடு ஒருத்தி, எல்லோரும் ஓடினார்கள். குடம் முழங்காலில் இடித்தது. ரிப்பன் அவிழ்ந்து எங்கேயோ விழுந்தது. லாரியிலிருந்து சிந்திய தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. கைக்குழந்தைக்காரியை முந்தினேன், ஒரு பையனை முந்தினேன். லாரி நின்றதும் கூட்டத்துக்குள் புகுந்து குழாயடியில் குடத்தை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பின்னாலிருந்து ஒருத்தி என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"யார் வூட்டுப் பொண்ணு நீ? புதுசா கீற."

"செல்வி ஆத்துப் பொண்ணு" என்றேன்.

கூட்டம் சிரித்தது. "நாங்க அல்லாருமே ஆத்துப் பொண்ணுங்கதான், கண்ணு" என்று அவள் ஆற்றைக் கைகாட்டினாள். ஆனால் கையை எடுத்துவிட்டாள். என் குடம் நிறைந்தது. அண்டாவோடு வந்து சேர்ந்த செல்விக்கும் இடம் இருந்தது.

ஓரமாக நின்று இழுப்பு வருவதற்காகக் காத்திருந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, வந்தது வெறும் மூச்சுதான், அதுவும் சற்று நேரத்தில் அடங்கிவிட்டது. எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. "இன்னொரு லாரி வருமாடி?" என்று கேட்டேன். செல்வி என்னை விநோதமாகப் பார்த்தாள்.

நனைந்த சீருடையைப் பார்த்து அம்மா வெலவெலத்துப் போனாள். கஷாயம், நெஞ்சில் தைலம், போர்வை.

"நம்மாத்துக்கு ஏம்மா லாரி வரமாட்டேங்கறது?"

"நமக்குதான் கெணறு இருக்கேடி."

கிணறு இருப்பது பெரிய அநியாயமாகப் பட்டது.

இருமல் ஒன்றும் வராமலே சில நாள் வீட்டில் படுக்க வைத்தார்கள். மறுபடி பள்ளிக்குப் போன அன்று, பாடம் பாதி நடக்கையில் செல்வி வாசலில் வந்து நின்றாள். பாவாடை ஓரம் ஈரம்.

"லாரி இப்பதான் வந்துச்சு டீச்சர்."

"தினம் ஒரு சாக்கு. வெளியே நில்லு."

அவள் ஜன்னலுக்கு அப்பால் தலைகுனிந்து நின்றாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை விட்டுவிட்டுக் காலையிலேயே ஓடிவிட்டு வந்திருக்கிறாள் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.