மூட்டை இறக்கிய இடங்கள்

புவியியல் ஆசிரியருக்கு வழி தெரியும் என்று ஊர் நம்புகிறது. விருத்தாசலத்திலேயே பிறந்து, விருத்தாசலத்திலேயே பாடம் எடுத்து, கோபுரம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்போதே கோயிலுக்கு வழி கேட்கிறவன் நான். அதனால் எதிர்வீட்டு அக்கா வந்து, "சார், நீங்கதான் மேப்பு வாத்தியாரு, எங்களுக்கு ஒரு மேப்பு போட்டுக் குடுங்க" என்றபோது உள்ளே என் மனைவி சத்தமாகவே சிரித்தாள்.

விஷயம் ரேஷன் கடை. எங்கள் தெரு ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், கடை அந்தப் பக்கம். நடுவே வேலி. சுரங்கப்பாதை வரை போய், இறங்கி ஏறி, அதே அளவு திரும்பி நடக்க வேண்டும். அக்கா பீங்கான் பொம்மைப் பட்டறையில் நாள் முழுக்க நின்றுகொண்டு அச்சில் மண்கரைசல் ஊற்றுகிறவர். முழங்கால் போய்விட்டது. கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியாயிற்று. அரிசி மூட்டைக்கு அது தெரியாது. வாரத்தில் இரண்டு நாளாவது எங்கள் தெருவில் பகுதிநேரக் கடை வேண்டுமென்று பெண்கள் கொடுத்த மனு, 'கடை அருகிலேயே உள்ளது' என்ற பதிலோடு மூன்று முறை திரும்பி வந்திருந்தது.

வரைபடங்களைப் பற்றித் தடிதடியாகப் புத்தகங்கள் படித்திருக்கிறேன். படித்ததைக் காட்ட யாருமில்லாமல் தவித்தவன், விடுவேனா? வீடு வீடாகப் போய் ஒரே கேள்வி கேட்டேன்: ரேஷன் கடை உங்களுக்குப் பக்கமா, தூரமா? பக்கம் என்றால் பச்சை, தூரம் என்றால் சிவப்பு. கலரில் அச்செடுத்தேன்.

தெரு முழுக்கப் பச்சை.

எங்கள் பக்கத்தில் யாரும் எதையும் தூரம் என்று சொல்வதில்லை என்பதை மறந்துவிட்டேன். பெண்ணாடம் 'தோ, பக்கத்துலதான்'. திட்டக்குடி 'ஒரு பஸ்ஸு ஏறுனா வந்துரும்'. கேட்கிறவன் மனசு ஒடிந்துவிடக் கூடாதே என்று ஒரு பெருந்தன்மை. தனக்கு நடக்க முடியாது என்று எதிராளி நினைத்துவிடக் கூடாதே என்று ஒரு ரோஷம். அக்காவே "பக்கந்தான் சார், போயிட்டு வந்துருவேன்" என்றுதான் சொல்லியிருந்தார். நானும் அப்படியே எழுதிக்கொண்டேன். அதைவிடக் கொடுமை, பச்சை அழகாக இருக்கிறது என்று ரசித்து, வட்ட வழங்கல் அலுவலகத்துக்கே எடுத்துப்போனேன்.

அதிகாரி அம்மா படத்தின் மேல் ஸ்கேலை வைத்து, தெருவுக்கும் கடைக்கும் ஒரு நேர்கோடு பிடித்தார். "சார், எங்க கணக்கும் பக்கம்னுதான் சொல்லுது. நீங்களும் அதையே கலர் அடிச்சுக் கொண்டாந்திருக்கீங்க." மனு நாலாவது முறை திரும்பியது. இம்முறை என் செலவில்.

"நல்லா போட்டீங்க சார் மேப்பு," என்றார் அக்கா. திட்டியிருந்தால் தேவலை.

பரிகாரமாக அக்காவின் அந்த மாத மூட்டையை நானே சுமப்பதாக அறிவித்தேன். கடையிலிருந்து அக்காவும் கூடவே நடந்தார். மின்கம்பத்தடியில் இறக்கினேன். வெற்றிலைக் கடை வாசலில் இறக்கினேன். சுரங்கப்பாதைக்கு முன்னால் இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்தேன்.

"இன்னா சார், எடத்துக்கு எடம் குந்திக்கிறீங்க? நான் இந்தத் தூரத்துக்கு ரெண்டு தரந்தான் எறக்குவேன்."

"மொத்தம் எத்தனை தரம்க்கா?"

"ஏழு," என்றார். யோசிக்கவே இல்லை.

தூரம் என்று சொல்ல வராத வாயில் ஏழு எப்படி வந்தது! மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததால் துள்ளிக் குதிக்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து மறுபடி வீடு வீடாகப் போனேன். தூரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. "மூட்டைய எங்கெங்க எறக்கி வெப்பீங்க?" என்று மட்டும் கேட்டேன். அத்தனை பேரும் கொட்டினார்கள். புளியமரத்தடி, மாவு மில் படி, சுரங்கப்பாதைக்கு இந்தண்டை ஒன்று, அந்தண்டை ஒன்று. இறக்கிய இடத்துக்கெல்லாம் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. என் மனைவியின் மூன்று மாதப் பொட்டு ஒரே சாயங்காலத்தில் தீர்ந்தது. ஒட்டியதும் அவள்தான். நான் ஒட்டினால் ரயில் பாதை மேல் விழுகிறதாம்.

இந்த முறை அக்காவும் வந்தார். அதிகாரி அம்மா பழக்கமாக ஸ்கேலை எடுத்தார். கோட்டின் மேல் ஒரு பொட்டுகூட இல்லை. எல்லாம் அதை விட்டு விலகி, சுரங்கப்பாதை வரை போய், வளைந்து, கும்பல் கும்பலாகச் சிவந்து கிடந்தன.

"இது என்ன, அம்மை போட்ட மாதிரி?"

"அரிசி மூட்டைய எறக்கி வெச்ச எடம்ங்க," என்றார் அக்கா. "உங்க ஸ்கேலு மேல வர்றதுக்கு எங்களுக்கு இன்னா றெக்கையா இருக்குது?"

நான் பதறினேன். அந்த அம்மாவோ ஸ்கேலை மேசைக்குள் போட்டுவிட்டு, பொட்டுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். "உங்களுது எதும்மா?" என்றார். அக்கா ஏழையும் காட்டினார். அடுத்த வாரம் அந்த அம்மாவே அந்த வழியை நடந்து பார்த்தார், வெறுங்கையோடு. மாவு மில் படியில் உட்கார்ந்துதான் எழுந்தார்.

கடை எங்கள் தெரு சமுதாயக் கூடத்தில் திறந்தது. செவ்வாயும் வெள்ளியும். முதல் நாள் தெருவே நின்று பார்க்க, அக்கா மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தார். நான் பின்னாலேயே என் மூட்டையோடு எண்ணிக்கொண்டு போனேன். ஒரு தரம்கூட இறக்கவில்லை. தன் வீட்டு அடுப்படியில்தான் இறக்கினார்.

"பாத்தீங்களா சார்? பக்கந்தான்."

நான் எங்கள் வாசல் கேட்டருகே ஒரு தரம் இறக்கினேன். உள்ளே போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. புதுப் பாக்கெட்.