அன்று மண்டாடி நின்றது யார்

சம்மாட்டியார் பொய் சொல்கிறார். போன மாதம் மீனவர் சங்கக் கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "அந்தச் சுற்றிவளைப்பு நாளில பொம்பிளையளுக்கு நான்தான் சொல்லிக்குடுத்து வலையை இழுப்பிச்சனான்" என்றார். வலைக்குச் சொந்தக்காரர் என்பதால் அவர் சம்மாட்டியார், அது உண்மை. மற்றதெல்லாம் பொய். அந்த நேரம் அவர் மற்ற ஆண்களோடு கோயில் வளவில், அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வெயிலில் குந்தியிருந்தார். கடற்கரையில் நின்றது நான்.

எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

யுத்த காலம். எங்கள் ஊர் பேசாலையில் ஆழக்கடலுக்குப் போகக் கடற்படை விடாது. கரைவலைதான் சோறு போட்டது. தோணி வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டுத் திரும்பும். வலையின் இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டம் இழுக்கும். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வர வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் நடுவில் மீன் சேரும் மடி சரிந்துவிடும், மீன் போய்விடும். இதைப் பார்த்து இழுவையை நடத்துகிறவர்தான் மண்டாடி. அது எப்போதும் ஆண்தான்.

அன்று கயிறு கரைக்கு வந்த நேரம் ஆமி வந்து ஊரைச் சுற்றி வளைத்தது. ஆண்கள் எல்லோரும் கோயில் வளவுக்குப் போக வேண்டும் என்றார்கள். தோணிக்காரரும் போனார்கள். கருவாட்டுக்கு மீன் வெட்ட வந்த பெண்கள், என்னோடு சேர்த்து இருபது பேர் மிச்சம். வலை கடலில் கிடந்தது. விட்டால் நீரோட்டம் அதைக் கடலடிப் பாருக்கு இழுத்துப்போய்க் கல்லில் கிழித்துவிடும். எங்கள் கரையில் உருப்படியாக இருந்தது அந்த ஒரு வலைதான். அது போனால் இருபது வீட்டிலும் அடுப்பு எரியாது.

"இழுப்பம்" என்றேன். வேறு ஒருத்தியும் வாய் திறக்கவில்லை, அதனால் நான் திறந்தேன். அவ்வளவுதான்.

எனக்கு உடம்பில் பலம் அதிகம். கிழக்குக் கயிற்றின் முன்னுக்கு நின்று இழுத்தேன். எங்கள் பக்கம் விறுவிறென்று வந்தது. மேற்குப் பக்கத்திலிருந்து கத்தினார்கள்: "எடியே, நீங்கள் கயித்தோட ஓடுறியள், நாங்கள் இஞ்ச மண்ணையோ இழுக்கிறது?" நான் திருப்பி ஏசிவிட்டு இன்னும் பலமாக இழுத்தேன். மடிக்கு மேல் கட்டியிருந்த மிதப்பு இன்னும் சரிந்தது.

எனக்குப் பின்னால் நின்றவள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவள். எங்களோடு கூலிக்கு மீன் வெட்டுவாள். அவள் சொன்னாள்: "அக்கா, கங்காணியும் கூடையப் போட்டுக்கிட்டுக் கொழுந்து பறிச்சா, எந்த நெரை பிந்துதுன்னு யாரு பாக்கிறது? கயித்த விட்டுட்டு மேட்டுல போய் நில்லுங்க."

"நான் விட்டா இந்தப் பக்கம் ஆர் இழுக்கிறது, நீயோ?"

"ஆமா, நான்தான். இழுக்கிறது உங்களுக்குக் கஷ்டமில்லக்கா. சும்மா நிக்கிறதுதான் கஷ்டம்."

கோபம் வந்தது, உண்மை என்பதால். கயிற்றை விட்டேன்.

மணல் மேட்டில் ஏறியதும் பிழை தெரிந்தது. இளையவர்கள் எல்லோரும் என்னை நம்பிக் கிழக்கே ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மேற்கே நாரி பிடித்த வயதானவர்கள். மூன்று பேரை அந்தப் பக்கம் துரத்தினேன். ஆனால் இழுவைக்கு ஒரு தாளம் வேண்டும். ஆண்கள் பாடுகிற பாட்டில் பாதி, பெண்கள் வாயில் எடுக்க முடியாதது. கோயிலில் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் பாடமான ஒன்று புனிதர் மன்றாட்டு மாலைதான். நான் மேட்டில் நின்று ஒரு புனிதரைக் கூப்பிட்டேன். இரண்டு பக்கமும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்லி ஒன்றாக இழுத்தன.

"எனக்கு உங்க சாமிங்க பேரு தெரியாதுக்கா" என்றாள் மலைநாட்டுக்காரி. "வேண்டிக்கொள்ளும் மட்டும் சொல்றேன்."

"அது காணும், இழு!"

வலை வருமுன் எனக்குத் தெரிந்த புனிதர்கள் முடிந்துபோனார்கள். நிறுத்தினால் தாளம் போய்விடும். "மேற்கில நிண்டு கதைக்கிற சோம்பேறியளே!" என்று கத்தினேன். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" என்று எல்லோரும் சிரித்துக்கொண்டே இழுத்தார்கள். மிதப்பு நேராக வந்தது.

பெரிய மீன்பாடு இல்லை. சூடையும் கொஞ்சம் பாரையும். ஆனால் வலையில் ஒரு கண் அறவில்லை. மத்தியானம் ஆண்களை விட்டார்கள். சம்மாட்டியார் வந்து, காயப்போட்ட வலையை விரலால் தடவித் தடவிக் கிழிசல் தேடினார். கிடைக்கவில்லை. "ஆர் மண்டாடி நிண்டது?" என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். "எடி, நீயோ?" என்று சிரித்துவிட்டுப் போனார். ஆகவே அவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு பல முறை நின்றேன். ஆண்களில் சிலரைப் பிடித்துப்போனார்கள், சிலர் இந்தியாவுக்குப் படகேறினார்கள். கைகள் குறைந்த நாட்களில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். சரியாக வருகிறபோது வாயை மூடிக்கொண்டு நிற்கப் பழகினேன். ஏசுவதை விடப் பழகவில்லை. பயந்து பயந்து வாழ்ந்த காலம்தான். ஆனாலும் அந்த மேட்டில் நின்ற காலை நேரங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். இன்றைக்கும் கரைக்குப் போனால் "மண்டாடியக்கா வாறா, வாயைப் பொத்துங்கோ" என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது.

எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆள் ஒன்று இருந்தது உண்மை. அது நீங்கள் இல்லை, சம்மாட்டியார்.

கோயில் பெருநாளுக்கு முன் சங்கம் திரும்பக் கூடுகிறது. என் வீட்டுக்கு வந்து சமாதானம் சொல்ல வேண்டாம். அன்று கயிறு பிடித்தவர்களை முன்வரிசைக் கதிரைகளில் இருத்துகிறேன்; மலைநாட்டுக்காரியும் வருவாள். அதே ஒலிவாங்கியைப் பிடித்து, அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ: அன்று மண்டாடி நின்றது ஆர்?