அக்காவோடு ஊதா வெளிக்கு

கனடாவிலிருந்து அக்கா வந்திருந்த நாட்களில் அவளை என்னிடம் விட்டுவைக்க இங்குள்ள சொந்தக்காரர் ஒருவருக்கும் மனம் வரவில்லை. காலைச் சாப்பாடு ஹம் நகரில் ஒரு வீட்டில், மத்தியானம் வுப்பர்டாலில், இரவு வேறெங்கோ. ஜெர்மனிக்கு வரும் எங்கள் ஆட்கள் இப்படித்தான் கோழிக்கறியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். எனக்கோ அவளிடம் தனியாக ஒன்று கேட்கவேண்டியிருந்தது. அம்மா யாழ்ப்பாணத்தில் கண்மூடியபோது என்னிடம் ஜெர்மன் விசா இல்லை, போனால் திரும்பி வரமுடியாது என்பதால் போகமுடியவில்லை. அக்கா போனாள். அம்மாவின் கடைசி நேரம் எப்படி இருந்தது என்று தொலைபேசியில் கேட்க எனக்கு வாய் வரவே இல்லை.

அதனால்தான் லூனபுர்க் ஹைடேக்குக் கூட்டிப்போனேன். ஓகஸ்டில் கண்ணுக்கெட்டிய தூரம் குட்டைச் செடிகள் ஊதாவாகப் பூத்துக் கிடக்கும் வெட்டவெளி அது. நடுவில் ஒரு பழைய கிராமம். அங்கே காரில் போகமுடியாது; நடக்கவேண்டும், அல்லது குதிரை வண்டிலில் ஏறவேண்டும். எந்த மாமியும் சோற்றுப் பார்சலோடு வந்து நிற்கமாட்டாள் என்று நினைத்தேன். முன்பெல்லாம் நான் தனியாகத்தான் போவேன். தனி ஆளென்றால் வண்டில்காரர் முன்னால், தன் பக்கத்தில் இருத்திவிடுவார். பின்னால் குடும்பம் குடும்பமாகச் சிரிப்பதை முதுகால் கேட்டுக்கொண்டு போவது எனக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை.

இந்த முறை அக்காவும் நானும் பின்னால் இருந்தோம். சுற்றிவர ஜெர்மன் கிழவர்கள். தமிழ் ஒருவருக்கும் விளங்காது. சாம்பல் நிற மந்தையொன்று பாதையைக் கடந்தது. முளைத்துவரும் மரக்கன்றுகளை இந்த ஆடுகள் மேய்வதால்தான் வெளி காடாகாமல் இருக்கிறது என்றேன்.

"செம்மறிக்கு இவ்வளவு பெரிய கொம்போ? நல்ல வடிவு" என்று படம் எடுத்தாள்.

கிராமத்தில் இறங்கி, நாணல் கூரை போட்ட பண்ணைவீட்டையும் புகை படிந்த அதன் அடுப்பையும் காட்டினேன். ஹைடேத் தேன் வாங்கிக் கொடுத்தேன். வுப்பர்டால் சித்தி அவளிடம் கொடுத்துவிட்டிருந்த கைத்தொலைபேசி ஓயாமல் அடித்தது.

"ஓம், ஓம், இரவைக்கு வாறம். சமைச்சு வையுங்கோ."

திரும்பும் வண்டிலில் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அம்மா கடைசியா என்ன சொன்னவ?"

அவள் தேன் போத்தலைப் பைக்குள் வைத்தாள்.

"எனக்குத் தெரியாது, தம்பி."

"நீங்கள் பக்கத்திலைதானே இருந்தனீங்கள்?"

"நான் கொழும்பிலை நிண்டனான். சண்டையாலை யாழ்ப்பாணப் பாதை பூட்டு, பிளேனிலை இடம் கிடைக்கேல்லை. போய்ச் சேரேக்கை எல்லாம் முடிஞ்சுது. நீ உடைஞ்சுபோவாய் எண்டுதான் சொல்லேல்லை."

கைத்தொலைபேசி மறுபடி அடித்தது. அக்கா எடுக்கவில்லை. இத்தனை வருடமும் நான் அவள்மேல் பொறாமைப்பட்டிருந்தேன், அவளுக்காவது அந்தக் கட்டிலருகே இருக்கக் கிடைத்ததே என்று. அந்தப் பொறாமையை நம்பித்தான் நிம்மதியாகத் தூங்கியுமிருக்கிறேன். அம்மாவின் பக்கத்தில் எங்களில் ஒருவர்கூட இருக்கவில்லை.