ரீகன்ஃபர்ம் சார்

"டி ஃபார் தாமஸ், ஏ ஃபார் ஆபிரகாம், பி ஃபார் பெத்லகேம், ஐ ஃபார் ஐசக், மறுபடியும் டி ஃபார் தாமஸ்..." என்று வேதசிரோமணி போனுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேம்ப் ரோடு முனையில் சிட்டிபாபுவின் எஸ்.டி.டி. பூத். கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தும் வெளியே காத்திருப்பவர்களுக்கு எழுத்து எழுத்தாகக் கேட்கிறது. மறுமுனையில் இருக்கும் விமானக் கம்பெனிப் பெண் ஏ ஃபார் ஆப்பிள் என்று கேட்டே பழகியவள். ஹெச் ஃபார் ஹோசியா வந்ததும் தடுமாறிப் போகிறாள். "ஹோசியாவா? அது எந்த ஊர் சார்?" அவர் கோபப்படுவதில்லை. "ஊரு இல்லம்மா, தீர்க்கதரிசி. சரி, ஹவுஸ்னு போட்டுக்கோ," என்று இறங்கி வந்து, முதல் எழுத்திலிருந்து மறுபடியும் தொடங்குகிறார்.

சேலையூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். ஒல்லி உடம்பு, எப்போதும் முழுக்கைச் சட்டை, பையில் மூடி போட்ட பேனா இரண்டு. ஒன்று எழுத, இன்னொன்று அது எழுதாமல் போனால். மாற்றுச் சான்றிதழில் இனிஷியல் மாறி விழுந்தால் ஒரு பிள்ளையின் ஆயுசே கோணிப்போகும் என்று நம்புகிறவர். அந்த நம்பிக்கை ஆபீசோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தாம்பரம் ஸ்டேஷனில் நிற்கும் மின்சார ரயிலின் நெற்றியில் பீச் என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டு, "இது பீச்தானே போவுது?" என்று டிரைவரைக் கேட்பார். ஏறியதும் உட்கார்ந்திருப்பவரைக் கேட்பார். அவர் ஆமாம் என்றதும் எதிர் சீட்டுக்காரரிடம் திரும்பி, "சார் ஆமாங்கறாரு, நீங்க என்ன சொல்றீங்க?" என்பார். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பது அவர் மனைவி ரத்தினபாய்க்குக் கல்யாணமான நாளிலிருந்து பழகிப்போன தலைவலி. "இவரு மோட்ச வாசல்லயும் நின்னு, இதான் மோட்சமான்னு ரெண்டு பேர கேட்டுட்டுத்தான் உள்ள போவாரு," என்பாள் அவள்.

அந்த நாளில் விமான டிக்கெட் கையில் இருந்தால் மட்டும் போதாது. லீவில் வந்தவர்கள் திரும்பிப் போக வேண்டுமானால், புறப்படுவதற்கு எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு முன்பே கம்பெனிக்குப் போன் செய்து, கட்டாயம் வருகிறோம் என்று சொல்லிவைக்க வேண்டும். அதற்குப் பெயர் ரீகன்ஃபர்மேஷன். சொல்லாவிட்டால் பெயரை எடுத்துவிட்டு, காத்திருக்கும் இன்னொருவருக்கு இடத்தைக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த தெரு தயாளன் அப்படித்தான் மாட்டினான். தங்கை கல்யாண அலைச்சலில் போன் செய்ய மறந்து, பெட்டி படுக்கையோடு மீனம்பாக்கம் போய், பெயர் இல்லை என்று திரும்பி வந்தான். அடுத்த விமானத்தில் இடம் கிடைப்பதற்குள் விசா முடிந்துவிட்டது. இப்போது கூடுவாஞ்சேரியில் மனை பார்க்க வருகிறவர்களுக்குக் குடை பிடித்துக்கொண்டு இருக்கிறான். அந்தக் கதைக்குப் பிறகு, வளைகுடாவில் ஆள் வைத்திருக்கிற வீடுகளெல்லாம் டிக்கெட்டை வேதசிரோமணியிடம் கொண்டுவந்து கொடுத்தன. ஆங்கிலம் பேசுவார். அதைவிட முக்கியம், ஒரு தடவையோடு விடமாட்டார். ரீகன்ஃபர்ம் சார் என்றே பெயர் விழுந்துவிட்டது. மேலுக்குச் சலித்துக்கொண்டாலும் உள்ளூர அவருக்கு அதில் பெருமைதான்.

அவருடைய மூத்த மகள் தபீதாள் நர்ஸ். வளைகுடாவில் ஆஸ்பத்திரி வேலை என்று சொல்லி ஏஜெண்ட் அனுப்பிவைத்தான். இரண்டு வருஷம் கழித்து ஒரு மாத லீவில் வந்தாள். வந்தவள் இரவில் விளக்கை அணைக்க விடவில்லை. அறைக் கதவை யாராவது சாத்தினால் எழுந்து வந்து திறந்து வைத்தாள். வாசல் கேட் சத்தம் கேட்டால், சாப்பிடுகிற தட்டை விட்டு எழுந்து சுவரோரம் நின்றுகொண்டாள். ரத்தினபாய் பார்த்தும் பார்க்காதவள் போல இருந்தாள். அவளுக்கு இளையவள் பேபியின் கல்யாணக் கவலை. மாப்பிள்ளை வீட்டார் வந்தபோதெல்லாம், "பெரிய பொண்ணு அங்கதானே இருக்கு?" என்று விசாரித்துவிட்டுத்தான் மற்ற பேச்சை எடுத்தார்கள். வேதசிரோமணி எல்லாவற்றையும் கவனித்தார். அவர் கவனிக்காதது அந்த வீட்டில் ஏது? கவனித்துவிட்டு, என்னம்மா என்று ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தார். ஊரெல்லாம் கேட்கிற மனுஷன் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை.

போன் செய்ய வேண்டிய நாள் வந்தது. அவர் டிக்கெட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைப்பதைப் பார்த்துக்கொண்டே தபீதாள் வந்து நின்றாள்.

"பூத்துக்காப்பா?"

"ஆமாம்மா. இன்னிக்குள்ள சொல்லிடணும்."

"சொல்லலன்னா?"

"பேர எடுத்துடுவான்."

அவள் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அது ஆஸ்பத்திரி இல்லப்பா. மொதலாளியோட அம்மா படுத்த படுக்கை. அவங்க வீட்ல அந்தம்மாவ பாத்துக்கறதுதான் என் வேல. ராத்திரி வெளிய பூட்டிட்டுப் போயிடுவாங்க. ஒரு ராத்திரி பக்கத்துக் கட்டடத்துல தீப்பிடிச்சிச்சு. நான் கதவத் தட்டித் தட்டிக் கையெல்லாம் வீங்கிப்போச்சு. காலையிலதான் வந்து தொறந்தாங்க."

அவர் டிக்கெட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார்.

"நானா வரலன்னு சொன்னா ஏஜெண்ட் சும்மா விடமாட்டான். பேபி மாமியார் வீட்லயும் ஏதாவது பேசுவாங்க. ஃப்ளைட்ல பேரே இல்லன்னா யார் என்ன சொல்ல முடியும்? தயாளன் அண்ணன் மறந்துட்டாரு. இப்ப தெனம் சாயங்காலம் வீட்டுக்கு வர்றாரு இல்ல? நீங்களும் இந்த ஒரு தடவ மறந்துடுங்கப்பா."

"பாக்கறேம்மா," என்றார். அந்த ஒரு சொல்லுக்கே அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் படி இறங்கினார்.

மகள் கேட்டது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. மறக்கச் சொன்னாள். உலகத்தில் எல்லோரும் தினமும் செய்வது. பூத் வாசலில் நின்றுகொண்டு, பின்னால் வந்தவர்களையெல்லாம், "நீங்க போங்க, நீங்க போங்க," என்று உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். சிட்டிபாபு எட்டிப் பார்த்தான்.

"இன்னா சார், அல்லாரையும் வுட்டுகினு நிக்கிறீங்க? லைனு ஃப்ரீயாத்தான் கீது."

உள்ளே போனார். அச்சுக்குப் போயிருக்கும் பேபியின் கல்யாணப் பத்திரிகை நினைவுக்கு வந்தது. ஏஜெண்ட் வாசலில் வந்து சத்தம் போடுவது, சபையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பது, எல்லாம் வந்தது. பூட்டிய கதவும் வந்தது. அதை மட்டும் தள்ளிவிட்டு டயலைச் சுழற்றினார். பயம்தான் அவர் கையைப் பிடித்துச் சுழற்றியது என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அவருக்கு நாம் சலுகை காட்டுவதாக ஆகும். சுழற்றியது அவர்தான். எத்தனையோ வீட்டுப் பெயரை உறுதி செய்த அதே குரலில், தாமஸிலிருந்து லூக் வரை நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது தபீதாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஓகே ஆயிடுச்சும்மா."

"சரிப்பா," என்றாள். தலையைத் தூக்கவில்லை, கத்தியும் நிற்கவில்லை. அவள் ஏதாவது திட்டியிருந்தால் அன்று அவருக்குச் சோறு இறங்கியிருக்கும்.

சாயங்காலமே மறுபடியும் பூத்துக்குப் போனார். இதிலொன்றும் புதுமை இல்லை, அவர் ஒரு பெயருக்கு மூன்று தடவையாவது போன் செய்கிறவர்தான். கேட்ட கேள்விதான் வேறு.

"பேரு ஒருவேளை விட்டுப்போயிருக்கா பாரும்மா."

"இருக்கு சார்."

"கம்ப்யூட்டர்ல தப்பு கிப்பு ஏதாவது..."

"ஒண்ணும் இல்ல சார். பத்திரமா இருக்கு."

மறுநாள் காலையிலும் போனார். "வெயிட்டிங்ல அவசரக்காரங்க யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்கு அவர் மேல் இரக்கம் வந்துவிட்டது. "நெறைய பேர் இருக்காங்க சார். ஆனா உங்க பொண்ணு சீட்ட யாரும் தொட முடியாது. நிம்மதியா போங்க," என்றாள்.

கேன்சல் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதை வேறு யாராவது செய்துவிட வேண்டும், ஒரு மிஷின் தப்பு செய்ய வேண்டும், முகம் தெரியாத யாரோ இடத்தைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். தான் கையை விரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், பேர் இல்லையாம்மா, நான் என்ன செய்ய என்று சொல்ல வேண்டும். இதற்காக ஒரு தகப்பன் நாளெல்லாம் பூத்துக்கும் வீட்டுக்கும் நடந்தான். அவர் ஆயுசில் வேண்டிக்கொண்ட ஒரே தப்பு அது. அதுவும் நடக்கவில்லை. சிட்டிபாபுவுக்கு இதெல்லாம் தெரியாது. "அதான் ஓகேன்னுச்சே சார், இன்னும் இன்னாத்துக்கு பேஜாரு?" என்று சில்லறையைத் திருப்பிக் கொடுத்தான்.

புறப்படுகிற நாள் காலையில் ரத்தினபாய் ஜெபம் செய்து அனுப்பினாள். தகப்பனும் மகளும் டாக்ஸியில் மீனம்பாக்கம் போனார்கள். ஏர்போர்ட்டின் உள்வாசலில் கான்ஸ்டபிள் டிக்கெட் கேட்டார். அது வேதசிரோமணியின் கையில் இருந்தது. ஒரு தடவை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று இறங்கும்போதே வாங்கி வைத்திருந்தார்.

"இது நாளைக்குத் தேதி சார்," என்றார் வேதசிரோமணி.

"நாளைக்கா? காட்டுங்க."

"நாளைக்குத்தான். நான் பாத்துட்டேன். இன்னிக்கி இவ போக முடியாது."

தபீதாள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கான்ஸ்டபிள் டிக்கெட்டின் மேல் குனிந்தார்.

"விரல எடுங்க சார், தேதி தெரியல."

அவர் எடுக்கவில்லை. பின்னால் வந்தவர்களின் பெட்டி அவர் கணுக்காலில் இடித்தது. "பெரியவரே, வழிய விடுங்க," என்று யாரோ சொன்னார்கள். தபீதாள் தோள்பையைக் கீழே வைத்தாள். தேதியின் மேல் அழுந்தியிருந்த அப்பாவின் கட்டைவிரலைத் தன் இரண்டு விரல்களால் பிடித்து, வலிக்காமல் தூக்கினாள்.