நான்கு திரி எரிந்த சிலிண்டர் ஹெட்

தொண்ணூறுகளின் தொடக்கம். மாத்தளை டவுனில் என்னிடம் ஒரு பழைய இங்கிலீஷ் கார் இருந்தது. துரைமார் காலத்து வண்டி. வால்வெல்லாம் எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும். மேலே அலுமினிய ஹெட் பலகை மாதிரித் தட்டையாக மூடிக்கொண்டிருக்கும். கல்யாண ஹயர் என்றால் அலுவிகாரையிலிருந்து பல்லேபொல வரைக்கும் என் காரைத்தான் கேட்பார்கள். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே அந்த வண்டியால்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, ஒளிப்பானேன்.

ஒருநாள் பொண்ணு மாப்பிள்ளையோடு மேடு ஏறும்போது புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. கழற்றிப் பார்த்தால் ஹெட்டில் நீளமாக ஒரு வெடிப்பு. கராஜ் கராஜாக அலைந்தேன். இரும்பு ஹெட் ஒன்று அகப்பட்டது, போல்ட் துளைகள் பொருந்தவில்லை. அலுமினிய ஹெட் லேசாக அரித்தாலே உருக்கிச் சட்டி பானை வார்த்துவிடுவார்களாம், அதனால் எங்குமே மிச்சமில்லை. "நம்ம சோத்துப் பானையத் தட்டிப் பாருங்க, நீங்க தேடுறது அதுவாத்தான் இருக்கும்" என்று மனைவி முதலில் கேலி செய்தாள். மூன்று மாதம் வண்டி மரக்கட்டை மேல் நின்றதும் அவளுக்கும் கேலி வரவில்லை. காரையே பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதா என்று பேச ஆரம்பித்தோம்.

அந்தப் பேச்சோடுதான், ஊர் ஊராகப் போய்ப் பழைய இரும்பு எடுக்கும் முஸ்லிம் நானா ஒருவரிடம் போனேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "அவசரப்படாதீங்க தம்பி. வில்கமுவப் பக்கம் ஒரு வீட்ல இதே மாதிரி ஹெட் ஒண்ணு இருக்குது. நான் மூணு தரம் கேட்டேன், தரல. நீங்க போய்க் கேளுங்க, அல்லாஹ் நாடினா கிடைக்கும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை கோயிலில் கும்பிட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு பஸ் ஏறினேன். காலம் கெட்டுக் கிடந்தது. வடக்கில் யுத்தம், வழியெல்லாம் செக் பொயின்ட். எங்கள் பூர்வீகமோ வடக்கு. சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நெற்றியை மட்டும் சரிசெய்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு ராஜதந்திரம் தோன்றியது. பாதி வழியில் சட்டைப்பையிலிருந்த லேஞ்சியை எடுத்து அழுத்தித் துடைத்துவிட்டேன். கும்பிட்டுவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை!

பஸ்ஸை விட்டிறங்கி, ஒரு டிராக்டர் பெட்டியில் தொற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு சிங்களப் பெண் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டார். பரம்பரையாக மாத்தளைதான் என்று கூசாமல் ஒரு பொய்யை விட்டேன். அவர் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, உள்ளே வரச் சொன்னார்.

அட கடவுளே! புத்தர் படத்துக்கு முன்னால், இரண்டு செங்கற்களின் மேல், நான் தேடிய ஹெட் குப்புறக் கிடந்தது. அடிப்பக்கத்தில் நான்கு குழி இருக்குமே, நான்கிலும் தேங்காய் எண்ணெய், நான்கிலும் கருகிய திரி. எண்ணெய் ஒழுகாமலிருக்க நான்கு ப்ளக்கையும் கழற்றாமல் விட்டிருந்தார்கள். எண்ணெயில் ஊறி, தினமும் துணியால் துடைபட்டு, அந்த அலுமினியம் நேற்று வார்த்தது போல மினுமினுத்தது. குழிகளில் படிந்திருந்த கரியோ, ஓடுகிற எஞ்சினில் படிகிற அதே கரி. வளைவு பார்க்க மடியில் சொருகிக் கொண்டுபோயிருந்த இரும்பு அடிமட்டத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு மயிரிழைகூடக் கோணல் இல்லை. கோயிலுக்குள் நிற்பது போல எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அவர் கணவர் ராணுவத்தில் லொறி டிரைவராம். இதே மாதிரி ஒரு காரைக் கட்டி எழுப்ப ஆசைப்பட்டு, முதலில் இந்த ஹெட்டைத்தான் தேடிக் கொண்டுவந்தாராம். அருமையான சாமான், யாருக்கும் கொடுத்துவிடாதே என்று சொல்லிவிட்டு வடக்கே போனவர், இரண்டு வருடமாகக் காணவில்லை. செத்தார் என்றும் கடிதம் இல்லை, இருக்கிறார் என்றும் கடிதம் இல்லை. இதைக் கேட்ட பிறகு, ஹெட்டைத் தாருங்கள் என்று நான் எப்படி வற்புறுத்துவது? அடிமட்டத்தை மடியில் சொருகிக்கொண்டு எழுந்தேன்.

வாசலில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தபோது, அவர் மெதுவாகச் சொன்னார்: "மாத்தயா, இடது பக்கம் இன்னும் கொஞ்சம் சாம்பல் இருக்கு. எங்க வீட்டுக்கு வர அதைத் துடைக்க வேணாமே."

கூனிக் குறுகிப் போனேன். அதற்கு மேல் பொய் சொல்ல நாக்கு எழவில்லை. என் தங்கச்சி யாழ்ப்பாணத்தில் இருக்கிறாள், எட்டு மாதமாகக் கடிதம் இல்லை, அவள் வீட்டுப் பக்கம் குண்டு விழுந்ததாகக் கேள்வி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழவும் செய்தேன்.

அவர் உள்ளே போனார். திரிகளை எடுத்து, எண்ணெயை ஒரு போத்தலில் வடித்து, ஹெட்டைப் பழைய சாரத் துணி ஒன்றில் சுற்றிக்கொண்டு வந்து என் கையில் வைத்தார்.

"ஓட்டத்தானே அவர் கொண்டு வந்தாரு, ஓட்டுங்க. ஆனா விளக்கு நிக்கக் கூடாது. உங்க கோயில்ல நாலு விளக்கு வைங்க. அவரு இருக்கிற பக்கம் தமிழ் சாமிங்கதானே. நான் கேக்கிறது அதுங்களுக்குப் புரியுதோ இல்லையோ. நீங்க தமிழ்ல கேளுங்க."

கணவரின் பெயரை மூன்று தரம் சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தார்.

கார் ஓடியது. முதல் ஓட்டமே வில்கமுவைக்குத்தான், மனைவியையும் கூட்டிக்கொண்டு. என் வெடித்த ஹெட்டைக் கழுவித் துடைத்து, நான்கு ப்ளக்கும் பூட்டிக் கொண்டுபோயிருந்தேன். நாலு கராஜ் கைவிட்ட அந்த வெடிப்பை அந்தப் பெண் பலாப்பிசினால் அடைத்து, எண்ணெய் ஊற்றி, திரி போட்டுவிட்டார்! பிறகு வெளியே வந்து, ஓடிக்கொண்டிருந்த காரின் பொனட் மேல் கையை வைத்தபடி நெடுநேரம் நின்றார்.

அடுத்த வருடம் தங்கச்சியிடமிருந்து கடிதம் வந்தது. வில்கமுவப் பெண்ணுக்கு எதுவும் வரவில்லை. யுத்தமே முடிந்துவிட்டது, இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் நெற்றி நிறையத் திருநீறோடு கோயிலில் நான்கு விளக்கேற்றி, நான் பார்த்தேயிராத ஒரு சிப்பாயின் பெயரை அம்மனிடம் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் வந்துவிட்டார் என்று வில்கமுவையிலிருந்து ஒரு வார்த்தை வரும்வரை அதை நிறுத்தும் உரிமை எனக்கில்லை.