ஷவருக்கு அடியில் ஒரு வாளி

புது ஷவருக்கு அடியில் அன்று நான் வாளியை வைத்தது முன்யோசனையா, வெறும் பழக்கமா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

திருவொற்றியூரில் எங்கள் குளியலறையைப் புதுப்பித்தபோது, வீடியோ பார்த்து ஷவரை நானே பொருத்தினேன். உப்புக்காற்றில் துருப்பிடித்த பழைய குழாய்களைக் கழற்றியதே பெரும்பாடு. முடித்ததும் ஒவ்வொரு இணைப்பையும் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்கா என் இரண்டு வயது மகளை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்றார்.

"புள்ள குளிக்கணும்னு குதிச்சுகினு கீது. அடியில நிக்க வெச்சுத் தொறம்மா" என்றார்.

"முதல் தண்ணி துருவா வரும்க்கா" என்று வாளியை வைத்தேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

"ஷவரு போட்டும் பக்கெட்ட வுட மாட்டேன்றியே!" என்று சிரித்தார்.

குளிர்நீர்த் திருகைத் திறந்தேன். வாளியிலிருந்து ஆவி எழுந்தது. கீசரின் வெந்நீர்க் குழாயைக் குளிர்நீர்த் திருகோடு மாற்றி இணைத்திருந்தேன்.

"ஐயே, கொதிக்குதே!" அக்கா மகளை இறுக அணைத்துக்கொண்டார். நான் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மறுநாளே சரிசெய்துவிட்டேன். ஆனாலும் மகளுக்கு வாளியில் பிடித்துத்தான் ஊற்றுகிறேன். குழந்தையை எந்த வயதில் ஷவருக்குக் கீழே தைரியமாக நிறுத்தலாம்? பழக்கிய அம்மாக்கள் சொல்லுங்களேன்.