பெரியம்மாவின் பெயரில் எழுதியவர்கள்

என் பெரியம்மா கதை எழுதியவர் என்பதே எனக்கு ஐம்பதை நெருங்கும் வயதில்தான் தெரிய வந்தது. அம்மாவின் அக்கா அவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து கட்டிலில் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அப்படி ஒரு நாள், ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னார்.

"ஏட்டி, நான் எழுதுன ஒரு கதையில இதே மாதிரி கால் ஒடிஞ்சு ஒருத்தி கெடப்பா."

"நீங்க எழுதுன கதையா?"

"ஆமா. கல்யாணமான புதுசுல அஞ்சாறு கதை பத்திரிகையில வந்துச்சு. கெடக்கையில எல்லாம் இப்ப அவ நெனப்புதான். ஆனா முடிவு என்ன வச்சேன்னு ஞாபகமே இல்ல. அவ எந்திரிச்சாளா இல்லையா?"

வந்த பத்திரிகைகளை ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாராம். ஒரு மழையில் ஓடு ஒழுகி எல்லாம் ஊறிப்போக, மாமனார் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை.

நான் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பேண்டேஜ் துணிக் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவள் நான். பழைய பில்லைத் தேடி எடுப்பது என் அன்றாட வேலை. ஒரு கதையைத் தேடுவது அதைவிடக் கஷ்டமா என்று நினைத்தேன்.

கஷ்டம் பெரியம்மாவின் பெயரில் இருந்தது. அந்தப் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். எழுதினாலும் பயனில்லை. அவர் தலைமுறையில் வீட்டுக்கு ஒருத்திக்காவது இருந்த பெயர் அது. தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு வாசலில் திரும்பிப் பார்ப்பார்கள். இனிஷியல் இருந்தாலாவது பிரித்துப் பார்க்கலாம். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் எழுத்து, பின்னால் கணவரின் எழுத்து. எதைப் போட்டு அனுப்பினார் என்று அவருக்கு நினைவில்லை. "அவங்க எப்படியும் வெறும் பேரத்தான் போடுவாங்க" என்றார்.

பழைய பத்திரிகைகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் இணையதளத்தில் தேடினேன். பக்கம் பக்கமாக அந்தப் பெயர் வந்தது. ஒருத்தி ஊறுகாய்ப் பக்குவம் எழுதுகிறாள். ஒருத்தி டாக்டர், பிள்ளைப்பேற்றுக்கு யோசனை சொல்கிறாள். கோலப் போட்டியில் ஆறுதல் பரிசு பெற்ற ஒருத்தி இருந்தாள். கதை எழுதிய ஒருவரின் ஊரையும் விவரத்தையும் விசாரித்துப் போனால், அவர் மனைவி பெயரில் எழுதிய ஆண். அட்டவணை போட்டவர்கள் இத்தனை பேரையும் ஒரே ஆளாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். அந்தக் கணக்குப்படி என் பெரியம்மா பிறப்பதற்கு முன்பே எழுதத் தொடங்கிவிட்டார்.

சென்னையில் ஒரு பெரிய நூலகத்துக்கு எழுதிக் கேட்டேன். எந்த இதழ், எந்த வருஷம், எந்த மாதம் என்று கேட்டுப் பதில் வந்தது. பெரியம்மாவிடம் கேட்டேன்.

"மழைக்காலம். மூத்தவன் வயித்துல இருந்தான். எனக்கு மாங்கா மேல ஆசை, மாங்கா கெடைக்கல."

இதை அவர்களுக்கு எப்படி எழுதுவது?

அப்படியும் கண்ணில் பட்ட கதைகளில் சந்தேகமானவற்றைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போவேன். ஒரு கதையில் கோவில் தேர் வந்தது. இதுதான், நம்ம ஊர்த் தேர்தான் என்று ஓடினேன். பெரியம்மா கண்ணாடியை மாட்டி முதல் பத்தியைப் படித்துவிட்டுத் தாளை மார்பின் மேல் போட்டார்.

"இவ யாரோ பட்டணத்துக்காரி. வீட்டுல இட்லிக்கு அரைக்காம ஓட்டலுக்கு ஆள் அனுப்புறா. நான் இப்படி எழுதுவனா?"

"எழுதினது என்னன்னே உங்களுக்கு ஞாபகம் இல்லையே பெரியம்மா!"

"எழுதாதது ஞாபகம் இருக்கு" என்றார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

ராஜபாளையத்து லைப்ரரியில் பழைய வார இதழ்களே வைப்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் லைப்ரரியில் பைண்டு செய்த சில தொகுப்புகள் இருந்தன. யாரோ தங்கள் வீட்டிலிருந்து கொடுத்தவை. ஆசையாகப் பிரித்தால் அத்தனையும் தொடர்கதை. அந்தக் காலத்தில் வாரா வாரம் தொடர்கதையை மட்டும் கிழித்துத் தைத்து வைப்பார்கள். சிறுகதைப் பக்கங்கள் போண்டா மடிக்கப் போயிருக்கும். எரிச்சலில் அங்கே இருந்தவரிடம் பெரியம்மாவின் பெயரைச் சொல்லிக் கொஞ்சம் சத்தமாகவே புலம்பினேன்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்தார். "அவியளா? கதை எழுதுவாவளே, சுந்தரபாண்டியத்துல இருக்காவ."

இன்னொருத்தி. போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்றைக்கு வேறு வழி எதுவும் இல்லை. பஸ் பிடித்துப் போய் விசாரித்தேன். கதவைத் திறந்த அம்மாளுக்குப் பெரியம்மா வயதுதான் இருக்கும். நான் கதை என்று வாயெடுத்ததும் கையை வீசினார்.

"நான் கடுதாசியே ஒழுங்கா எழுத மாட்டேன். கதை எழுதுனேன்னு எனக்குப் பேரு கட்டி வுட்டுட்டாங்க. எவளோ எம்பேர்ல ஒரு கதை எழுதி, அதனால நான் வாங்குன ஏச்சு கொஞ்சமா?"

"என்ன கதைம்மா?"

"கால் ஒடிஞ்சு கெடக்கா ஒருத்தி."

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கதையில் அவளுக்குக் கால் சரியாகிவிடுகிறதாம். ஆனால் யாரிடமும் சொல்லாமல், வலிக்கிறது வலிக்கிறது என்று படுத்தே கிடக்கிறாளாம். புருஷன் உலை வைக்கிறான், மாமியார் தண்ணீர் எடுக்கிறாள். கதை அதோடு முடிகிறது.

"எங்க மாமியா படிச்சுட்டு, இதான் உன் திட்டமா ஏட்டின்னு ரெண்டு மாசம் எங்கூடப் பேசல. தலைவலின்னு செத்த நேரம் படுக்க முடியாது. நான் இல்லன்னு சத்தியம் பண்ணுனாலும் யாரு நம்புறா?"

எந்தப் பத்திரிகை என்று கேட்டேன். அட்டை கிழிந்து கைமாறி வந்ததாம், தெரியாது என்றார்.

அங்கிருந்தே பெரியம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். முடிவைச் சொன்னேன்.

"நான் அப்படி எழுதியிருக்க மாட்டேன்" என்றார் பெரியம்மா. "எங்க மாமனார் எல்லாத்தையும் படிப்பாரு. அம்புட்டு தைரியம் எனக்கு அப்ப ஏது? எந்திரிச்சு வேலை பாத்தான்னுதான் முடிச்சிருப்பேன்."

"நல்லாருக்கே!" என்றார் சுந்தரபாண்டியத்து அம்மா. "எழுதுனது நீங்க, ஏச்சு வாங்குனது நான். இப்ப இல்லைங்கிறீகளா?"

"உங்களுக்கு வேற கதை ஞாபகத்துல கலந்திருக்கும்."

"ரெண்டு மாசம் பேசாம இருந்த மாமியாளையா மறப்பேன்?"

இரண்டு பேரும் விடவில்லை. கடைசியில் பெரியம்மா, "அச்சுல பாத்தாத்தான் நம்புவேன்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் போனை அந்த அம்மாளிடமே கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். இத்தனை அலைச்சலுக்குப் பிறகு, கதையை நினைவில் வைத்திருக்கும் ஒரே ஆளைப் பிடித்திருக்கிறேன். எழுதியவர் நம்ப மாட்டேன் என்கிறார். உள்ளே எட்டிப் பார்த்தால், பேச்சு பிசியோதெரபிக்கு வருகிறவர் பக்கம் போயிருந்தது.

அவர்கள் இரண்டு பேரும் இப்போது அடிக்கடி போனில் பேசிக்கொள்கிறார்கள். ஒரே பெயர் என்பதால் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், "என்னங்க" என்கிறார்கள். நான்தான் தாளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் வ. புதுப்பட்டியில் ஒருவர் பரணில் முழு இதழ்கள் இருக்கின்றன என்றார் என்று போனேன். இருந்தன. எல்லாம் சோதிடப் பத்திரிகை. தலையெல்லாம் தூசியோடு பஸ்ஸுக்கு நிற்கும்போது பெரியம்மா கூப்பிட்டார்.

"என்னட்டி, இருந்துச்சா?"

"இல்ல பெரியம்மா."

"சரி. இங்க மழை வருது. நனையாம வீடு போய்ச் சேரு" என்று வைத்துவிட்டார்.